நண்பர்களோடு ஏரிக்காட்டில் படகுப் பயணம்: வாசகர் கேள்விகளும் பதில்களும்

கல்லூரியில் ஒன்றாகப் படித்தவர்கள் நாற்பது வயதை நெருங்கும்போது, நான்கைந்து நாள் எங்காவது சேர்ந்து போய்வரலாம் என்ற பேச்சு வாட்ஸ்அப் குழுவில் தவறாமல் கிளம்பிவிடுகிறது. அவர்களில் ஓரிருவர் டொரன்டோவிலோ மினியாபொலிஸிலோ வேலை பார்ப்பவர்களாக இருந்துவிட்டால், கனூ எனப்படும் ஒடுங்கிய துடுப்புப் படகில் ஏரி ஏரியாகக் கடந்து, கரையில் கூடாரம் அடித்து, தூண்டில் போட்டு வரும் பயணத்தில் அந்தப் பேச்சு முடிகிறது. வேலூர், ராணிப்பேட்டை, திருப்பத்தூர் மாவட்டங்களிலிருந்து இதுகுறித்து வந்த கேள்விகளில் சிலவற்றுக்கு இங்கே பதில் எழுதியிருக்கிறேன். கேட்டவர்களில் பெரும்பாலோருக்கு மீனின் மேல்தான் கண். என் பதில்களோ எடையையும் குளிரையும் குழுவில் மெதுவாக நடக்கிறவரையும் சுற்றியே வரும். பயணத் திட்டம் உண்மையில் அவற்றைக் கொண்டுதான் அமைகிறது.

ஆம்பூரிலிருந்து ஒரு வாசகர்: நாங்கள் ஆறு பேர். இரண்டு பேர் டொரன்டோவில் இருக்கிறார்கள். நான்கு பேர் இங்கிருந்து போகிறோம். ஐந்து நாள் பயணத்துக்கு அல்கான்குவின் ஏற்றதா, பவுண்டரி வாட்டர்ஸ் ஏற்றதா? ஒரு நாளைக்கு எவ்வளவு தூரம் போகலாம்?

முதல் கேள்விக்கு உங்கள் விசாவே பதில் சொல்லிவிடும். பவுண்டரி வாட்டர்ஸ் அமெரிக்காவின் மினசோட்டா மாநிலத்தில், கனடா எல்லையை ஒட்டி, ஆயிரத்துக்கும் மேற்பட்ட ஏரிகளோடு கிடக்கிறது. எல்லைக்கு அந்தப் பக்கம் கனடாவின் குவெட்டிக்கோ பூங்கா இருக்கிறது. சில ஏரிகளின் நடுவிலேயே நாட்டின் எல்லை ஓடுகிறது என்பதால், கனடா விசா மட்டும் வைத்திருப்பவர் எதிர்க்கரை நன்றாக இருக்கிறதே என்று அங்கே போய்க் கூடாரம் அடித்தால் அது எல்லை மீறலாகிவிடும். நண்பர்கள் டொரன்டோவில் இருக்கும்போது, அதே ஒன்டாரியோ மாகாணத்தில், அங்கிருந்து காரில் சுமார் மூன்று மணி நேரத்தில் போய்ச் சேரக்கூடிய அல்கான்குவின்தான் உங்களுக்குச் சரி. 1893-இல் அமைக்கப்பட்ட அந்தப் பூங்கா ஏறத்தாழ 7,600 சதுர கிலோமீட்டர் பரப்பும் 2,400-க்கும் மேற்பட்ட ஏரிகளும் கொண்டது. ஐந்து நாளில் அதன் ஒரு மூலையைத்தான் பார்த்துவிட்டு வருவீர்கள்.

இரண்டு இடங்களிலும் ஒரு குழுவில் ஒன்பது பேருக்கு மேல் இருக்கக் கூடாது. நீங்கள் ஆறு பேர் என்பதால் அதில் சிக்கல் இல்லை. படகுக்கு இருவராக மூன்று கனூ போதும். முன்பதிவு முறையில்தான் பெரிய வேறுபாடு இருக்கிறது. பவுண்டரி வாட்டர்ஸில் எந்த நுழைவிடத்தில் எந்த நாள் இறங்குகிறீர்கள் என்பதை மட்டும் பதிவு செய்துவிட்டு, உள்ளே போனபின் காலியாக உள்ள இடத்தில் தங்கலாம். அல்கான்குவினிலோ ஒவ்வோர் இரவும் எந்த ஏரியில் தங்கப்போகிறீர்கள் என்பதை முன்கூட்டியே சொல்லிப் பதிவு செய்ய வேண்டும். ஐந்து மாதத்துக்கு முன்னால் அந்தப் பதிவு திறக்கும். கோடைக்கால வார இறுதிகளில் நல்ல ஏரிகள் சீக்கிரமே நிரம்பிவிடும். உங்கள் நால்வரின் விசா அதற்குள் கைக்கு வந்திருக்காமல் போகலாம். ஆகவே பதிவு டொரன்டோ நண்பர் பெயரில் இருக்கட்டும். கடைசி நேரத்தில் ஒருவருக்கு விசா கிடைக்காமல் போனாலும் மற்றவர்களின் பயணம் குலையாது.

தூரத்தைப் பொறுத்தவரை, அமைதியான நீரில் புதியவர்கள் மணிக்கு நான்கு கிலோமீட்டர் போவார்கள். எதிர்க்காற்று அடித்தால் அது பாதியாகிவிடும். ஆனால் நாளைத் தின்பது நீர்வழி அன்று. ஓர் ஏரிக்கும் அடுத்த ஏரிக்கும் இடையே படகையும் மூட்டைகளையும் தோளில் சுமந்து நடக்க வேண்டிய காட்டுப் பாதைதான். அதைப் போர்ட்டேஜ் என்கிறார்கள். வரைபடத்தில் ஒரு கிலோமீட்டர் என்று போட்டிருக்கும் போர்ட்டேஜில் எல்லாச் சுமையையும் ஒரே நடையில் கொண்டுபோக உங்களால் முடியாது. ஒரு சுமையை வைத்துவிட்டுத் திரும்பி வந்து மறு சுமையை எடுத்துப் போகும்போது அது மூன்று கிலோமீட்டர் நடையாகிறது. கனூவின் நடுவே நுகத்தடி போன்ற ஒரு மரச்சட்டம் இருக்கும். அதைத் தோள்களில் ஏற்றிப் படகைக் கவிழ்த்த நிலையில் தலைக்கு மேலே சுமக்க வேண்டும். அப்போது முன்னால் ஐந்தாறு அடி மண்ணும், ஈர வேர்களும், வழுக்கும் கற்களும் மட்டுமே கண்ணில் படும். இரண்டு கையும் படகின் விளிம்பைப் பிடித்திருப்பதால் கழுத்தில் உட்கார்ந்த கொசுவை அடிக்கக்கூட முடியாது. இதனால்தான் வாடகைக்கு எடுக்கும்போது கெவ்லர் என்ற எடை குறைந்த செயற்கை இழையால் செய்த படகாகக் கேளுங்கள் என்கிறேன். பதினேழு அடி கெவ்லர் கனூ சுமார் 20 கிலோ இருக்கும். அதே அளவு அலுமினியப் படகு 30 கிலோவைத் தாண்டும். வாடகை கூடுதலானாலும் அதில் கணக்குப் பார்க்காதீர்கள்.

முதல்முறை போகிறவர்களுக்கு ஒரு நாளில் எட்டு முதல் பத்து கிலோமீட்டர் நீர்வழியும், எல்லாம் சேர்த்து ஒன்றரை கிலோமீட்டருக்கு மிகாத போர்ட்டேஜும் போதும். மூன்றாம் நாள் எங்கும் நகராமல் ஒரே ஏரியில் தங்குங்கள். மீன் பிடிக்க நேரம் கிடைப்பது அந்த நாளில்தான்.

குடியாத்தத்திலிருந்து ஒருவர்: அவ்வளவு தொலைவு போவானேன்? மோர்தானா அணையில் படகை இறக்கி, இரண்டு நாள் கரையில் தங்கி மீன் பிடிக்க முடியாதா?

முடியாது. மோர்தானா அணை கவுண்டின்யா ஆற்றின் மேல் இருக்கிறது. எல்லைக்கு அப்பால் ஆந்திரத்தின் கவுண்டின்யா வனவிலங்குச் சரணாலயம் இருப்பதால் யானைகள் இரண்டு பக்கமும் நடமாடுகின்றன. காப்புக்காட்டில் அனுமதியின்றி நுழைந்து தங்குவது 1882-ஆம் ஆண்டின் தமிழ்நாடு வனச் சட்டப்படி குற்றம். ஊர் ஏரிகளிலும் நினைத்தபடி தூண்டில் போட முடியாது. மீன்பாசி குத்தகை எடுத்தவர் ஒருவர் இருப்பார், அவரிடம் கேட்காமல் பிடித்தால் அது திருட்டாகவே பார்க்கப்படும். பாலாற்றைப் பற்றி நான் சொல்லத் தேவையில்லை. பெரும்பாலான நாள்களில் மணல்தான். 2021 நவம்பரில் வந்ததுபோல் வெள்ளம் வந்தால் கரையில் நிற்பதே ஆபத்து. ஒகேனக்கல் பக்கம் பரிசலில் சில மணி நேரம் சுற்றிவரலாமே தவிர, பல நாள் பயணத்துக்கு வழியில்லை. அந்தக் காவிரியில் வாழும் திமில் மஹ்சீர் மீன், அழிவின் விளிம்பில் உள்ள இனமாக 2018-இல் பன்னாட்டுச் சிவப்புப் பட்டியலில் சேர்க்கப்பட்டுவிட்டது என்பதையும் நினைவில் வையுங்கள்.

இங்கே ஒத்திகை பார்க்கலாம், அதற்குத் தடையில்லை. ஏலகிரியின் புங்கனூர் ஏரியில் துடுப்புப் படகில் பழகலாம். பிச்சாவரத்தில் இன்னும் நன்றாகப் பழகலாம். நண்பர் யாருக்காவது மாந்தோப்பு இருந்தால் அங்கே ஓர் இரவு கூடாரம் அடித்து, கொண்டுபோகவிருக்கும் அடுப்பில், கொண்டுபோகவிருக்கும் அரிசியையே சமைத்துப் பாருங்கள். எந்தப் பொருள் தேவையில்லை என்பது அந்த ஓர் இரவிலேயே தெரிந்துவிடும்.

ராணிப்பேட்டை வாசகர்: சிறு வயதிலிருந்து கிணற்றில் குதித்து நீச்சல் அடித்தவன் நான். லைஃப் ஜாக்கெட் போட்டால் துடுப்பு போடக் கை வராது என்கிறார்கள். அது கட்டாயமா?

கனடாச் சட்டப்படி படகில் இருக்கும் ஒவ்வொருவருக்கும் அளவான லைஃப் ஜாக்கெட் ஒன்று இருந்தாக வேண்டும். அதோடு 15 மீட்டருக்குக் குறையாத மிதக்கும் கயிறு, நீர் இறைக்கும் பாத்திரம், விசில் ஆகியவையும் இருக்க வேண்டும். சட்டம் படகில் இருந்தால் போதும் என்கிறது. நான் உடம்பில் இருக்க வேண்டும் என்கிறேன். துடுப்பு போடுவதற்கென்றே அக்குள் பகுதி அகலமாக வெட்டப்பட்ட ஜாக்கெட்டுகள் வாடகைக்குக் கிடைக்கின்றன. கை தாராளமாக வரும்.

உங்கள் நீச்சலைக் குறைத்துச் சொல்லவில்லை. நம் கிணற்று நீர் மார்கழியிலும் இருபது டிகிரிக்குக் கீழே போவதில்லை. அல்கான்குவினில் ஏப்ரல் கடைசியிலோ மே தொடக்கத்திலோதான் ஏரியின் பனிக்கட்டி உடைகிறது. மே மாதம் முழுவதும் நீர் பத்து டிகிரிக்கும் கீழே இருக்கக்கூடும். அந்த நீரில் திடீரென விழுந்தவுடன் நம்மை அறியாமலே மூச்சு பெரிதாக உள்ளிழுக்கும். அந்த நொடியில் தலை நீருக்குள் இருந்தால் நுரையீரலுக்குள் போவது காற்றன்று. குளிர்நீர் மீட்புப் பயிற்சியில் ஒரு கணக்குச் சொல்லித் தருகிறார்கள்: மூச்சைக் கட்டுக்குள் கொண்டுவர ஒரு நிமிடம், கை கால் சொன்னபடி கேட்பதற்குப் பத்து நிமிடம், நினைவு தப்புவதற்குச் சுமார் ஒரு மணி நேரம். பத்து நிமிடத்துக்குப் பிறகு எவ்வளவு பெரிய நீச்சல்காரரானாலும் விரல் மடங்காது. ஜாக்கெட் உடம்பில் இருந்தால்தான் அந்த ஒரு மணி நேரம் உங்களுக்கு மிஞ்சும். படகு கவிழ்ந்தால் கரையை நோக்கி நீந்தாமல் படகைப் பிடித்துக்கொண்டே இருங்கள். நீர் நிறைந்த கனூவும் மூழ்காது.

கவிழ்வதற்குப் பெரும்பாலும் அலை காரணமாக இருப்பதில்லை. முன்னால் இருப்பவரின் தூண்டிலில் பெரிய மீன் மாட்டும்; அவர் வலப்பக்கம் சாய்ந்து தூண்டில் நரம்பை இழுப்பார்; பின்னால் இருப்பவரும் என்ன மீன் என்று பார்க்க அதே பக்கம் எட்டிப் பார்ப்பார். அவ்வளவுதான், இருவரும் நீரில். மீன் மாட்டினால் பின்னால் இருப்பவர் துடுப்பை நீரில் படுக்கையாக வைத்துக்கொண்டு நேராக உட்கார்ந்திருக்க வேண்டும் என்பதைக் கிளம்பும் முன்பே பேசி வைத்துக்கொள்ளுங்கள். எழுந்து நிற்பது எந்த நிலையிலும் கூடாது. பிற்பகலில் காற்று வலுக்கும் என்பதால் பெரிய ஏரிகளைக் காலையிலேயே, கரையை ஒட்டியே கடந்துவிடுங்கள்.

வாலாஜாபேட்டை வாசகர்: சுமந்து நடக்க இங்கேயே எப்படிப் பழகுவது?

சோளிங்கர் மலைக்குப் போங்கள். 1,300-க்கும் மேற்பட்ட படிகள். பத்து கிலோ அரிசியை முதுகுப்பையில் போட்டுக்கொண்டு வாரம் ஒருமுறை ஏறி இறங்கத் தொடங்கி, மெல்ல இருபது கிலோவுக்குக் கொண்டுபோங்கள். ரோப் கார் வந்துவிட்டதே என்று மூட்டையை மட்டும் அதில் அனுப்பிவிட வேண்டாம். இறங்கும்போதுதான் முழங்காலின் பலம் தெரியும். வலி கண்டால் எடையைக் குறையுங்கள். கூடாரம், உடை, உணவு எல்லாம் சேர்த்து ஆளுக்கு இருபது கிலோவைத் தாண்டினால் பட்டியலை மறுபடியும் எழுதுங்கள்.

காட்பாடியிலிருந்து ஒருவர்: பள்ளி விடுமுறையை ஒட்டி மே மாதமே போகலாமா?

மே நடுவிலிருந்து ஜூன் கடைசி வரை கறுப்பு ஈ என்று ஒன்று கிளம்பும். அது குத்துவதில்லை, தோலைக் கடித்து இரத்தம் வடிய வைக்கிறது. அதன் பின்னாலேயே கொசு வரும். வேலூர்க் கொசுவுக்குப் பழகியவர்களுக்கும் அது வேறு அளவு. ஆகஸ்டு பிற்பகுதியிலும் செப்டம்பர் முதல் இரு வாரங்களிலும் பூச்சி வெகுவாகக் குறைந்திருக்கும், ஏரி நீரும் ஓரளவு வெதுவெதுப்பாக இருக்கும். ஆனால் ஆகஸ்டிலேயே இரவு பத்து டிகிரிக்கு இறங்கலாம். பருத்தி உடை ஈரமானால் காயாது, உடல் சூட்டையும் உறிஞ்சிவிடும். கம்பளி அல்லது பாலியெஸ்டர் உடைகளில் இரண்டு செட் போதும். அதில் ஒன்று படுக்கும்போது மட்டும் போடுவதற்காக, நனையாத பையிலேயே இருக்கட்டும். குழந்தைகளின் விடுமுறையைக் காரணம் காட்டி மே மாதம் போகத்தான் வேண்டும் என்றால், குழந்தைகளை அழைத்துச் செல்லாதீர்கள்.

வாணியம்பாடி வாசகி: என் கணவரும் நண்பர்களும் போகிறார்கள். என்ன சமைத்துக் கொடுத்தனுப்பலாம்? கருவாடு கேட்கிறார்கள்.

கருவாடு வேண்டாம், அம்மா. விமான நிலையத்தில் உணவுப்பொருள் அனைத்தையும் சுங்கத்தில் சொல்லியாக வேண்டும் என்பது ஒருபுறம் இருக்க, அந்தக் காடுகளில் கருங்கரடி உண்டு. அதன் மோப்பம் நம் கருவாட்டுக்குப் பெருத்த மரியாதை செய்யும். மீன் கிடைக்கும் என்று நம்பி ஒரு வேளைச் சாப்பாட்டைக்கூடக் குறைத்து அனுப்பாதீர்கள். கிடைத்தால் அது மேல்வரும்படி.

ஆளுக்கு நாளொன்றுக்கு எண்ணூறு கிராம் உலர்ந்த உணவு என்று கணக்கிட்டால், ஆறு பேருக்கு ஐந்து நாளுக்கு 24 கிலோ ஆகிறது. கண்ணாடிப் பாட்டிலும் தகர டின்னும் அல்கான்குவினின் உட்பகுதியில் தடை. பவுண்டரி வாட்டர்ஸிலும் அப்படியே. வறுத்த ரவையில் தாளிப்பைச் சேர்த்து ஆறவைத்த உப்புமாக் கலவை, அவல், சத்துமாவு, பருப்புப் பொடி, மொறுமொறுப்புக்குக் கொஞ்சம் பொட்டுக்கடலை ஆகியவை நன்றாகத் தாங்கும். புளிக்காய்ச்சலை எண்ணெய் தாராளமாக விட்டுச் சுண்டக் காய்ச்சி, மூடி இறுக்கமான பிளாஸ்டிக் டப்பாவில் அடைத்து, அதை இரண்டு உறைகளுக்குள் போடுங்கள். ஒரு சொட்டு கசிந்தாலும் பை முழுவதும் மணக்கும். அரிசி அங்கேயே வாங்கிக்கொள்ளட்டும். ஒவ்வொரு நாளுக்கும் தனித்தனிப் பையாகக் கட்டி, மேலே நாளையும் வேளையையும் எழுதிவிட்டால், முதல் இரவிலேயே எல்லா முந்திரியையும் தின்று தீர்க்கிறவரைக் கட்டுப்படுத்தலாம். மீன் வறுக்க மிளகாய்த்தூள், மஞ்சள்தூள், உப்பு, அரிசிமாவு நான்கையும் கலந்து ஒரு சிறு பொட்டலமாகக் கொடுங்கள். அடுப்புக்கான எரிவாயுக் குப்பி விமானத்தில் ஏறாது. டொரன்டோவில்தான் வாங்க வேண்டும்.

இரவில் உணவுப் பை, பற்பசை, சோப்பு என்று மணம் உள்ள எதுவும் கூடாரத்துக்குள் இருக்கக் கூடாது. எல்லாவற்றையும் ஒரே பையில் கட்டி, கூடாரத்திலிருந்து தள்ளி, தரையிலிருந்து நான்கு மீட்டர் உயரத்தில், மரத்தண்டிலிருந்து இரண்டு மீட்டர் விலகித் தொங்கும்படி கயிற்றில் ஏற்ற வேண்டும். இருட்டிய பிறகு இதற்கு மரம் தேடக் கூடாது. கூடாரம் அடிப்பதற்கு முன்பே கிளையைப் பார்த்துவிடச் சொல்லுங்கள்.

திருப்பத்தூர் வாசகர்: நம் ஊர் மண்புழுவும் தக்கையும் அங்கே எடுபடுமா? எந்த மீன் கிடைக்கும்?

ஒன்டாரியோவில் பதினெட்டு வயது நிரம்பியவர் எவரும் உரிமம் இல்லாமல் தூண்டில் போடக் கூடாது. பூங்காவில் தங்கும் அனுமதி வேறு, மீன்பிடி உரிமம் வேறு. வெளிநாட்டவருக்கான உரிமத்திலேயே இரண்டு வகை உண்டு. குறைந்த எண்ணிக்கையில் மீனை வைத்துக்கொள்ள அனுமதிக்கும் மலிவான வகையே உங்களுக்குப் போதும். அல்கான்குவினில் உயிர்மீனை இரையாகப் பயன்படுத்துவது மட்டுமன்றி, வைத்திருப்பதே குற்றம். குவெட்டிக்கோவில் மண்புழுவும் கூடாது. செயற்கை இரையும் கொக்கி நாக்கு இல்லாத தூண்டில் முள்ளும்தான்.

அல்கான்குவினின் பெயர்பெற்ற மீன் டிரவுட். மே மாதத்தில் அது கரையோரம் மேலேயே திரியும். கோடையில் குளிர்ந்த ஆழத்துக்குப் போய்விடும் என்பதால் ஆகஸ்டில் போகும் புதியவருக்கு அது எளிதில் அகப்படாது. ஜூன் பிற்பகுதியில் அனுமதி திறக்கும் பாஸ் மீன்தான் உங்களுக்கு வாய்ப்பானது. பாறை விளிம்புகளிலும், நீரில் சாய்ந்து கிடக்கும் மரங்களின் கீழும் அது பதுங்கியிருக்கும். நம் ஏரிகளில் விராலுக்குத் தவளையைக் கட்டி அல்லிக் கொடிகளுக்கு மேல் இழுத்துப் பழகியவர்களுக்குப் பாஸ் புரியாத மீன் அன்று. விடியலிலும் அந்தியிலும் மேற்பரப்பில் துள்ளும் செயற்கை இரையை விட்டு விட்டு இழுங்கள். இழுத்து நிறுத்திய நொடியில்தான் பாயும். நடுத்தர வலுவுள்ள சுழல் தூண்டில் ஒன்றும், எட்டு பவுண்டு தாங்கும் தங்கூசி நரம்பும், நாலைந்து இரைகளும் போதும். மூன்று தூண்டில் கொண்டுபோகிறவர் போர்ட்டேஜில் மரக்கிளையோடுதான் மல்லுக்கட்டுவார்.

ஈயக்குண்டை இங்கேயே விட்டுச் செல்லுங்கள். அந்த ஏரிகளில் வாழும் லூன் என்னும் நீர்ப்பறவை அடியில் கிடக்கும் ஈயத்தைக் கூழாங்கல் என்று விழுங்கி நஞ்சேறிச் சாகிறது. எஃகிலும் தகரத்திலும் செய்த குண்டுகள் அங்கே கடைகளில் கிடைக்கின்றன.

வேலூர் சத்துவாச்சாரியிலிருந்து: ஏரித் தண்ணீரை அப்படியே குடிக்கலாமா?

எவ்வளவு தெளிவாக இருந்தாலும் கூடாது. நீர்நாய், நீரெலி போன்றவற்றின் கழிவிலிருந்து வரும் ஜியார்டியா என்ற கிருமி வாரக்கணக்கில் வயிற்றைக் கெடுக்கும். தளதளவென்று ஒரு நிமிடம் கொதிக்கவிட்டாலோ நல்ல வடிகட்டியில் விட்டாலோ போதும்.

ஆற்காட்டு வாசகர்: குழுவில் ஒருவருக்கு வயது 52, இன்சுலின் போடுகிறவர். செல்போன் எடுக்காத இடத்தில் அவரை அழைத்துப்போவது சரியா?

அவருடைய மருத்துவர் சம்மதித்தால் சரி. அந்தச் சம்மதத்தைக் கேட்கும்போது 'சுற்றுலா' என்று சொல்லாமல், நாள் முழுவதும் துடுப்பு போட்டு மூட்டையும் சுமக்க வேண்டும் என்று விவரமாகச் சொல்ல வேண்டும். அத்தகைய உழைப்பில் சர்க்கரை வழக்கத்தைவிட வேகமாக இறங்கும். மருந்தளவை மாற்ற வேண்டியிருக்கலாம். இன்சுலினையும் ஊசியையும் இரண்டு பங்காகப் பிரித்து, இரண்டு வெவ்வேறு படகுகளில், நனையாத உறையில் வையுங்கள். ஒரு படகு கவிழ்ந்தாலும் மறு பங்கு இருக்கும். வெயிலும் ஆகாது, உறைபனியும் ஆகாது. குளூக்கோஸ் அவர் பையில் மட்டுமன்றி, அவரோடு ஒரே படகில் இருப்பவரின் சட்டைப்பையிலும் இருக்கட்டும். சர்க்கரை இறங்கும்போது அவர் எப்படி நடந்துகொள்வார், எரிந்து விழுவாரா, பேச்சு குழறுமா என்பதை அவர் வீட்டாரிடம் கேட்டு மற்ற ஐவரும் தெரிந்துகொள்ள வேண்டும். பயணக் காப்பீடு எடுக்கும்போது இந்த நோயை மறைக்காதீர்கள். காட்டிலிருந்து மீட்டு வரும் செலவையும் ஏற்கும் திட்டமா என்று எழுத்தில் கேட்டு வாங்குங்கள்.

செயற்கைக்கோள் வழியே அவசரச் செய்தி அனுப்பும் கருவியைக் கனடாவிலேயே வாடகைக்கு எடுங்கள். அதை விலைக்கு வாங்கி ஊருக்குக் கொண்டுவந்துவிடாதீர்கள்: இந்தியாவில் அனுமதியின்றி அத்தகைய கருவி வைத்திருப்பது குற்றம், விமான நிலையத்திலேயே மாட்டிக்கொண்டவர்கள் உண்டு. தங்கும் ஏரிகளின் பட்டியலையும், எந்த நாள் எத்தனை மணிக்குள் செய்தி வராவிட்டால் பூங்கா அலுவலகத்தை அழைக்க வேண்டும் என்பதையும் டொரன்டோவில் ஒருவரிடம் எழுதிக் கொடுத்துவிட்டுக் கிளம்புங்கள்.

அரக்கோணம் வாசகர்: ஒரு நண்பர் எந்த வேலையும் செய்ய மாட்டார், ஆனால் அவரை விட்டுவிட்டும் போக முடியாது. பணத்தையும் வேலையையும் எப்படிப் பிரிப்பது?

பணத்தைச் சமமாகப் பிரியுங்கள். விசா, விமானக் கட்டணம் அவரவர் பொறுப்பு, மற்றதெல்லாம் பொதுக்கணக்கு. முன்பணத்தைப் பதிவுக்கு முன்பே வாங்கிவிடுங்கள். கொடுக்கத் தயங்குகிறவர் வரமாட்டார் என்று அப்போதே தெரிந்துவிடும்.

வேலையைச் சமமாகப் பிரிக்க முயலாதீர்கள். சமையல், நெருப்பு, கூடாரம், தண்ணீர், உணவுப் பையை மரத்தில் ஏற்றுவது என்று ஒவ்வொன்றுக்கும் ஒருவரை ஐந்து நாளுக்கும் பொறுப்பாக்கிவிடுங்கள். உங்கள் நண்பரிடம் தண்ணீரைக் கொடுங்கள். வடிகட்டிக் கொண்டுவராவிட்டால் அவருக்கும் காபி கிடையாது என்பதால், ஒருவரும் நினைவூட்ட வேண்டியிராது. படகில் அவரை முன்னால் உட்கார வையுங்கள். பின்னால் இருப்பவர்தான் திசை திருப்புகிறவர், அங்கே சோம்பல் ஆகாது. முன்னால் இருப்பவர் துடுப்பை நீரில் நனைத்து நனைத்து எடுத்தால் அதுவும் பின்னாலிருந்து நன்றாகத் தெரியும்.